சந்திப்பில் யாருடைய மூச்சை அளக்கிறோம்?

மேம்பாலம் ஒன்றுக்கான சுற்றுச்சூழல் அறிக்கையில் பல ஆண்டுகளுக்கு முன்பு நான் கையெழுத்திட்டேன். தமிழகத்தின் நடுத்தர நகரம் ஒன்றில், நான்கு சாலைகள் கூடும் இடம் அது. மேம்பாலம் வருவதற்கு முன்னும் பின்னும் அந்தச் சந்திப்பில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு இருக்கும் என்று கணித்துச் சொல்வது என் பொறுப்பு. வாகனங்களை எண்ணினோம், கணினி மாதிரியில் எண்களை இட்டோம், 'நிர்ணயிக்கப்பட்ட வரம்புக்குள் உள்ளது' என்ற ஒற்றை வரியோடு அந்த அத்தியாயம் முடிந்தது. அதில் பொய்யான எண் எதுவும் இல்லை. ஆனாலும், அந்த வரி இன்றுவரை என்னை உறுத்துகிறது.

வாகனங்களை எண்ணிய நாட்களில், சிக்னல் கம்பத்தின் அடியில் ஒரு கருங்கல்லின் மீது அமர்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் அடிக்கடி பேசுவேன். "என்ன சார் எழுதுறீங்க?" என்று ஒருநாள் கேட்டார். காற்றைப் பற்றிய கணக்கு என்றேன். "எனக்குமா சேத்து?" என்றார். ஆமாம் என்று தலையசைத்தேன். அறிக்கையை அச்சிடும்போதுதான் உண்மை எனக்கு விளங்கியது. மாசு அளவைக் கணக்கிடுவதற்காக நாங்கள் தேர்ந்தெடுத்த புள்ளிகள் அனைத்தும் சாலையிலிருந்து பதினைந்து, இருபது மீட்டர் தள்ளியிருந்த கட்டடங்களின் சுற்றுச்சுவர்களில் இருந்தன. அந்தக் கருங்கல்லின் மீது புள்ளி ஏதும் இல்லை.

சந்திப்புகளை மாற்றியமைக்கும் திட்டங்கள் இப்போது ஊருக்கு ஊர் வருகின்றன. மேம்பாலம், சுரங்கப்பாதை, ரவுண்டானா அகற்றம், கூடுதல் திருப்பத் தடம் என அவற்றுக்குப் பல வடிவங்கள். ஒவ்வொன்றுக்கும் 'நெரிசல் குறையும்; அதனால் மாசும் குறையும்' என்ற காரணம் சொல்லப்படுகிறது. அந்த 'அதனால்' என்ற சொல்லை எப்படிச் சோதிப்பது என்பதைப் பொதுவாசகர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று எண்ணியே இதை எழுதுகிறேன்.

மணமில்லாத நஞ்சு

எரிபொருள் முழுமையாக எரிந்தால் கார்பன் டை ஆக்சைடு உண்டாகும். போதிய ஆக்சிஜன் கிடைக்காமல் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. காற்று இதைவிடக் குறையும்போதெல்லாம், அதாவது குளிர்ந்த இயந்திரத்தைக் கிளப்பும்போதும், திடீரென வேகம் எடுக்கும்போதும், பழுதான இயந்திரம் நின்ற இடத்தில் உறுமும்போதும், இந்த வாயு மிகுதியாக வெளியேறும். டீசல் இயந்திரம் கூடுதல் காற்றோடு இயங்குவதால் அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு குறைவு. அதன் குற்றம் கரித்துகளும் நைட்ரஜன் ஆக்சைடுகளும். எனவே, சந்திப்பில் இந்த வாயுவுக்குப் பெரும்பாலும் பெட்ரோல் வாகனங்களே காரணம். நம் ஊர்களில் சிவப்பு விளக்கு எரிந்ததும் இடுக்குகளில் புகுந்து நிறுத்தக் கோட்டை அடைத்துக்கொண்டு நிற்பவை எவை என்று நினைத்துப் பாருங்கள்: இருசக்கர வாகனங்கள்.

இதற்கு நிறமில்லை, மணமும் இல்லை. கண் எரியாது, இருமலும் வராது. ஆனால், ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமான பிடிப்புடன் இது ஒட்டிக்கொள்ளும். ஆக்சிஜனைச் சுமக்க வேண்டிய இடத்தை இது ஆக்கிரமித்துக்கொள்ள, இதயமும் மூளையும் பட்டினி கிடக்கும். இதய ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கு, சிறிய அளவு கூட நடக்கும்போது நெஞ்சுவலியை விரைவுபடுத்தும். காற்றுத் தர வரம்புகள் முதன்மையாக இவர்களைக் காப்பதற்காகவே வகுக்கப்பட்டன.

நல்ல காற்றுக்கு வந்த பிறகும் ரத்தத்தில் ஏறிய இந்த வாயு உடனே வெளியேறிவிடுவதில்லை. அது பாதியாகக் குறைவதற்கே நான்கைந்து மணி நேரம் ஆகும். ஏறுவதும் இப்படி மெதுவாகத்தான். அதனால்தான் ஒருமணி நேரச் சராசரி, எட்டுமணி நேரச் சராசரி என இரண்டு வரம்புகள் வைக்கப்பட்டுள்ளன. காரில் சந்திப்பைக் கடப்பவர் அங்கே இருப்பது இரண்டு நிமிடம். போக்குவரத்துக் காவலர், பூ விற்பவர், பேருந்து நிறுத்தத்து தேநீர்க் கடைக்காரர் ஆகியோருக்கு எட்டுமணி நேரம் என்பது ஒரு வேலைநாள்.

கணக்கு உருவான கதை

வாகனங்களின் கார்பன் மோனாக்சைடைப் பற்றிய அச்சம் புதிதன்று. நியூயார்க்கையும் நியூஜெர்சியையும் ஹட்சன் ஆற்றின் அடியில் இணைக்கும் ஹாலந்து சுரங்கப்பாதையைக் கட்டியபோது, தோண்டுவதைவிடப் பெரிய சிக்கலாக இந்த வாயுவே இருந்தது. மனிதர்கள் எவ்வளவு கார்பன் மோனாக்சைடைத் தாங்குவர் என்பதை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துச் சொன்ன பிறகே காற்றோட்டம் வடிவமைக்கப்பட்டது. 84 விசிறிகளோடு, ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளிருக்கும் காற்று முழுவதும் மாறும்படி அமைக்கப்பட்ட அந்தச் சுரங்கம் 1927 நவம்பரில் திறக்கப்பட்டது. சாலையை வடிவமைப்பவர், அதில் செல்வோரின் மூச்சையும் வடிவமைக்கிறார் என்பதற்கு அது ஒரு தொடக்கப் பாடம்.

திறந்தவெளிச் சந்திப்புகளுக்கு அந்தப் பாடம் மெதுவாகவே வந்து சேர்ந்தது. அமெரிக்கா 1971-இல் கார்பன் மோனாக்சைடுக்கு வரம்பு விதித்தது: எட்டுமணி நேரச் சராசரியாகப் பத்து லட்சத்தில் 9 பங்கு, ஒருமணி நேரத்துக்கு 35 பங்கு. கலிபோர்னியாவின் போக்குவரத்துத் துறை 1979-இல் 'காலைன்-3' என்ற கணினி மாதிரியை வெளியிட்டது. ஓடும் வாகனங்கள் விடும் புகை காற்றில் எப்படிப் பரவும் என்று அது கணித்தது. ஆனால், சந்திப்பில் வாகனங்கள் ஓடுவதில்லை, நிற்கின்றன. நிற்கும் வரிசையின் நீளத்தையும் கணக்கில் கொள்ளும்படி அதை விரிவாக்கியதே 'கால்-3-க்யூ-எச்-சி' எனப்படும் மாதிரி. 1990-இல் தூய காற்றுச் சட்டம் திருத்தப்பட்டது. மாசு வரம்பை மீறிய பகுதிகளில், கூட்டாட்சி நிதியில் அமையும் எந்தச் சாலைத் திட்டமும் புதிதாக ஒரு மீறலை உருவாக்கக் கூடாது. இருக்கும் மீறலை மோசமாக்கவும் கூடாது என்பது விதியானது. 1992 நவம்பரில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, சந்திப்புகளுக்கென்றே ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. உலகெங்கும் இந்தத் துறையில் இருப்போர் ஏதோ ஒரு வடிவில் அதைப் பின்பற்றி வருகிறார்கள்.

ஆறு படிகள்

அந்த முறையின் எலும்புக்கூட்டை எளிமையாகச் சொல்கிறேன்.

முதலாவது, சல்லடை. எல்லாச் சந்திப்புகளையும் விரிவாக ஆராய்வது வீண் செலவு. எனவே, திட்டத்தால் பாதிக்கப்படும் சந்திப்புகளைப் போக்குவரத்து அளவின்படி வரிசைப்படுத்துகிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வாகனம் சராசரியாக எத்தனை நொடி தாமதமாகிறது என்பதைக் கொண்டு 'ஏ' முதல் 'எஃப்' வரை தரம் இடுகிறார்கள். தாமதம் 35 நொடிக்குள் இருந்தால் 'சி' அல்லது அதற்கு மேல். 80 நொடியைத் தாண்டினால் 'எஃப்'. 'டி', 'இ', 'எஃப்' தரத்தில் இருப்பவையே அடுத்த கட்டத்துக்குப் போகும். அவற்றுள் போக்குவரத்து மிகுந்த மூன்றும், தாமதம் மிகுந்த மூன்றும் விரிவாக ஆராயப்படும். மோசமான இடத்திலேயே வரம்பு மீறப்படவில்லை என்றால் மற்ற இடங்களிலும் மீறப்படாது என்பது இதன் தர்க்கம். இல்லினாய் போன்ற மாநிலங்கள் இந்தச் சல்லடைக்கென்றே எளிய மென்பொருளை உருவாக்கி வைத்துள்ளன.

இரண்டாவது, உமிழ்வு. ஓடும் வாகனத்துக்குக் கிலோமீட்டருக்கு இத்தனை கிராம் என்று கணக்கு. நிற்கும் வாகனம் தூரத்தைக் கடப்பதில்லை என்பதால், அதற்கு மணிக்கு இத்தனை கிராம் என்று கணக்கு. இரண்டையும் தனித்தனியே எடுத்து, பச்சை எவ்வளவு நேரம், சிவப்பு எவ்வளவு நேரம், வரிசை எவ்வளவு நீளம் என்பவற்றோடு சேர்க்க வேண்டும். இந்திய வாகனங்களுக்கென புணேயிலுள்ள ஏஆர்ஏஐ நிறுவனம் தயாரித்த உமிழ்வு எண்கள் உள்ளன. நம் சாலைகளின் கொள்ளளவைக் கணிக்க, மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையில் 2017-இல் வெளியான 'இந்தோ எச்சிஎம்' கையேடு உள்ளது. ஆகவே, அந்நிய எண்களை அப்படியே எடுத்தாண்டோம் என்று சாக்குச் சொல்ல இனி இடமில்லை.

மூன்றாவது, காற்றின் நிலை. மாசு பரவுவதற்கு மிக மோசமான சூழலே கருதப்படும்: நொடிக்கு ஒரு மீட்டர் என்ற மெல்லிய காற்று, அது எந்தத் திசையிலிருந்தும் வீசலாம் என்பதால் பத்துப் பத்து பாகையாகச் சுழற்றிப் பார்த்து, எத்திசையில் அளவு உச்சமாகிறதோ அதை எடுத்துக்கொள்வது. சென்னையின் பிற்பகல் கடற்காற்றை நம்பிக் கணக்கிட்டால், மார்கழி விடியலில் ஏமாறுவோம். அப்போது தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின் மீது வெப்பக் காற்று மூடிபோல் அமர்ந்துவிடும்; பள்ளி வாகனங்களும் அலுவலக வாகனங்களும் அந்த மூடிக்கு அடியில்தான் ஊர்ந்துகொண்டிருக்கும்.

நான்காவது, பின்னணி அளவு. சந்திப்பில் உள்ள மாசு முழுவதும் சந்திப்பிலேயே பிறந்ததன்று. ஊர்க்காற்றில் ஏற்கெனவே உள்ள அளவை இதனுடன் கூட்ட வேண்டும். ஐந்தாவது, நேர மாற்றம். மாதிரி தருவது உச்சநேரத்தின் ஒருமணி அளவு. உள்ளூர்த் தரவு இல்லாதபோது, அதை 0.7 ஆல் பெருக்கி எட்டுமணி நேர அளவாக்குகிறார்கள். ஆறாவது, ஒப்பீடு. திட்டம் திறக்கும் ஆண்டிலும், அதற்குப் பிந்தைய ஆண்டுகளிலும், திட்டம் இருந்தால் எப்படி, இல்லாவிட்டால் எப்படி என்று இரு நிலைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது.

வரம்புகள் வேறு, விடைகளும் வேறு

நம் நாட்டில் 2009 நவம்பரில் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர அளவுகோலின்படி, கார்பன் மோனாக்சைடு எட்டுமணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 2 மில்லிகிராமையும், ஒருமணி நேரத்துக்கு 4 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. அமெரிக்க வரம்பை இதே அலகுக்கு மாற்றினால் முறையே ஏறத்தாழ 10, 40 மில்லிகிராம் வரும். உலக சுகாதார நிறுவனம் எட்டுமணி நேரத்துக்கு 10, ஒருமணி நேரத்துக்கு 35 என்கிறது. 2021-இல் நாள் சராசரிக்கு 4 மில்லிகிராம் என்ற அளவையும் அது சேர்த்தது. ஆகவே, காகிதத்தில் நம் வரம்பு அமெரிக்காவினுடையதைவிட ஐந்து முதல் பத்து மடங்கு கண்டிப்பானது. அங்கே 'சிக்கலில்லை' என்று சொல்லும் அதே கணக்கு இங்கே வேறு விடை தரலாம்.

ஒரு கற்பனைச் சந்திப்பை எடுத்துக்கொள்வோம். உச்சநேரத்தில் வாகனங்களால் சேரும் அளவு 2.4 மில்லிகிராம் என்று மாதிரி சொல்கிறது. பின்னணி அளவு 1.2 என்றால், கூட்டுத்தொகை 3.6. ஒருமணி வரம்பான 4-க்குள் அடங்கிவிட்டது. இப்போது எட்டுமணி நேரக் கணக்கு: 2.4 ஐ 0.7 ஆல் பெருக்கினால் 1.68. எட்டுமணிப் பின்னணி 1.0 என்று கொண்டால், மொத்தம் 2.68. வரம்பான 2-ஐத் தாண்டிவிட்டது. ஒருமணி எண்ணை மட்டும் அச்சிட்டால் தேர்ச்சி. எட்டுமணி எண்ணையும் அச்சிட்டால் தோல்வி. எந்த அறிக்கையைப் படித்தாலும் இரண்டு எண்களும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். 0.7 என்ற எண்ணும் வேதவாக்கன்று. காலையில் தொடங்கும் நெரிசல் நண்பகல்வரை தளராத கடைவீதிச் சந்திப்பில், எட்டுமணிச் சராசரி உச்சநேர அளவுக்கு இன்னும் நெருங்கியே இருக்கக்கூடும். அங்கே உள்ளூர் எண்ணிக்கையைக் கொண்டு அந்தக் காரணியை நாமே கண்டறிவதுதான் முறை.

புள்ளியை எங்கே வைப்பது?

இனி, என்னை உறுத்தும் இடத்துக்கு வருகிறேன். மாதிரியில் எல்லா எண்களையும் இட்ட பிறகு, எந்த இடத்தில் விடை வேண்டும் என்று அது கேட்கும். பொதுமக்கள் இருக்கக்கூடிய இடங்கள் என்கிறது அமெரிக்க வழிகாட்டி: நடைபாதை, வீட்டின் எல்லை, மருத்துவமனை, பள்ளி. புள்ளியின் உயரம் 1.8 மீட்டர். சாலையின் ஓரத்திலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஏனென்றால், வாகனங்களின் ஓட்டத்தால் காற்று கலங்கும் அந்த மூன்று மீட்டருக்குள், மாதிரியின் சமன்பாடுகள் நம்பத்தக்கவை அல்ல.

ஒரு மாதிரியின் நேர்மையான ஒப்புதல் இது. ஆனால், இதை நம் ஊருக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகிறது? பூக்காரரின் கூடை தார்ச்சாலையின் விளிம்பில் இருக்கிறது. இளநீர் வண்டியும், பழச்சாறு வண்டியும், பேருந்துக்காகச் சாலையிலேயே இறங்கி நிற்கும் கூட்டமும், நடுவே நின்று கைகாட்டும் காவலரும் அந்த மூன்று மீட்டருக்குள்தான் இருக்கிறார்கள். கற்பலகையில் அமர்ந்திருப்பவரின் மூக்கு தரையிலிருந்து ஒரு மீட்டருக்கும் கீழே, புகைபோக்கிகளின் மட்டத்துக்கு அருகில் இருக்கிறது. தாயின் கையைப் பிடித்து நிற்கும் குழந்தையின் மூக்கும் அப்படியே. யார் அதிக நேரம் மூச்சு விடுகிறார்களோ அவர்கள், மாதிரி பேச மறுக்கும் எல்லைக்குள் வாழ்கிறார்கள். 'இங்கே கணக்கிட முடியாது' என்ற தொழில்நுட்ப வரம்பு, அறிக்கையில் 'இங்கே எவருமில்லை' என்று பொருள்படும்படி மாறிவிடுகிறது.

நான் கையெழுத்திட்ட அறிக்கையில் நடந்ததும் அதுவே. சுற்றுச்சுவரில் புள்ளி வைப்பது விதிக்கு முரணானதன்று, அது வசதியானது. வரைபடத்தில் கட்டட எல்லைகள் குறிக்கப்பட்டிருக்கும், பூக்கடைகள் குறிக்கப்பட்டிருக்காது. அதைக் குறித்துவிடலாமே என்று அன்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விடை மாறியிருக்குமா என்பது இப்போது எவராலும் சொல்ல முடியாதது. கேட்க வேண்டியது என் கடமையாக இருந்தது.

இதற்குத் தீர்வு உண்டு. மாதிரியால் கணிக்க முடியாத இடத்தில் கருவியால் அளக்கலாம். அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சும் அளவைக் கொண்டு கார்பன் மோனாக்சைடை அளக்கும் கருவிகள் நமது அளவுகோல் அறிவிக்கையிலேயே ஏற்கப்பட்டவை. காவலரின் நிழற்குடையின் கீழும், கடை வரிசையிலும், அமர்ந்திருப்போரின் மூச்சு உயரத்தில் சில வாரங்கள் அளந்துவிட்டு, அந்த எண்ணைக் கணிப்பின் அருகில் வைத்தால் போதும்.

மேம்பாலம் என்ன செய்கிறது?

மேம்பாலம் பயனற்றது என்று சொல்ல வரவில்லை. நேராகச் செல்லும் வாகனங்கள் நிற்காமல் மேலே போய்விட்டால், நின்று உறுமும் நேரம் குறைகிறது. புகையும் உயரத்தில் வெளியேறிக் கலைந்துபோகிறது. ஆனால், திரும்பும் வாகனங்களும், நிறுத்தத்துக்கு வரவேண்டிய பேருந்துகளும், ஆட்டோக்களும் கீழேதான் இருக்கும். மேலே தளமும், இருபுறமும் தூண்களும், அவற்றை ஒட்டிக் கட்டடங்களும் அமைந்த பிறகு, முன்பு தெருவைக் கழுவிச் சென்ற காற்று அங்கே தயங்கி நிற்கும். பாலத்தின் நிழல் தேடி வரும் நடைபாதைக் கடைகளும் அங்கேயே குடியேறும்.

மூன்று தவறுகள் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, இன்றைய சந்திப்பை நாளைய மேம்பாலத்தோடு ஒப்பிடுவது. பழைய வாகனங்கள் கழிந்து புதிய வாகனங்கள் வருவதாலேயே நாளைய உமிழ்வு குறையும். அந்தப் பெருமையைப் பாலத்தின் கணக்கில் எழுதக் கூடாது. நாளை பாலம் இருந்தால், நாளை பாலம் இல்லாவிட்டால் என்பதே சரியான ஒப்பீடு. இரண்டு, அந்த ஒரு சந்திப்போடு கணக்கை முடித்துக்கொள்வது. இங்கே தடையின்றிக் கடந்த வாகனங்கள் அடுத்த சிக்னலில் போய்ச் சேர்ந்து நின்றால், மாசு இடம் மாறியதே தவிர ஒழியவில்லை. மூன்று, பாலம் கட்டும் காலத்தை மறப்பது. இரண்டு மூன்று ஆண்டுகள் மாற்றுப்பாதையாகும் குறுகிய தெருக்களில், வீட்டு வாசலிலேயே வரிசை நிற்கும். அந்தத் தெருவுக்கும் ஒரு புள்ளி வேண்டும்.

டென்வர் சொல்லும் செய்தி

அமெரிக்காவின் டென்வர் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மெல்லிய காற்று, அதனால் அரைகுறை எரிதல், குளிர்காலத்தில் மூடிபோல் கவியும் வெப்ப அடுக்கு. கார்பன் மோனாக்சைடால் மிகவும் அவதிப்பட்ட நகரங்களுள் அதுவும் ஒன்று. ஆக்சிஜன் கலந்த பெட்ரோலைக் குளிர்காலத்தில் கட்டாயமாக்கும் திட்டம் 1988-இல் அங்கே தொடங்கியது. அமெரிக்க கார்களில் 1975 முதல் பொருத்தப்பட்ட வினையூக்கி மாற்றிகள் தலைமுறை தலைமுறையாக மேம்பட்டன. விளைவாக, 2010-ஆம் ஆண்டுக்குள் அந்நாட்டில் கார்பன் மோனாக்சைடு வரம்பை மீறிய பகுதி என்ற பட்டியலே காலியாகிவிட்டது. சந்திப்புகளை விரித்ததால் வந்த வெற்றியன்று இது. வண்டியையும் எரிபொருளையும் திருத்தியதால் வந்தது.

நாமும் அந்தப் பாதையில் சிறிது தூரம் நடந்திருக்கிறோம். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி 1995 ஏப்ரலில் கட்டாயமானது. 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 தரம் நடைமுறையில் உள்ளது. ஆனால், மாற்றி வேலை செய்ய அது நன்கு சூடேற வேண்டும். வீட்டிலிருந்து கிளம்பி இரண்டு தெரு தாண்டியதும் சிக்னலில் நிற்கும் வண்டியில் அது அரைத்தூக்கத்திலேயே இருக்கும். பராமரிக்கப்படாத பழைய வண்டியில் அது இறந்தே போயிருக்கலாம். புகைச் சான்றிதழை வண்டியைப் பார்க்காமலே கொடுக்கும் வழக்கம் எங்கெல்லாம் உள்ளதோ, அங்கெல்லாம் எந்த மேம்பாலத்தாலும் ஈடுசெய்ய முடியாத ஓட்டை விழுகிறது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. கார்பன் மோனாக்சைடு குறைந்துவிட்டது என்பதற்காகச் சந்திப்பின் காற்று தூயதாகிவிடாது. இன்றைய பெரிய எதிரி நுண்துகளும் நைட்ரஜன் டை ஆக்சைடும். 2019 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டமும் துகள்களையே இலக்காகக் கொண்டது. பிறகு எதற்காக இந்த வாயுவைக் கணக்கிட வேண்டும்? சில நூறு மீட்டருக்குள் அது வேறு எதனோடும் வினைபுரிந்து மறைவதில்லை. ஆகவே, வாகனப் புகை எந்த மூலையில் தேங்குகிறது என்பதைக் காட்டும் நல்ல சாட்சி அது. சாட்சி சொல்லும் இடத்தில் மற்ற மாசுகளையும் தேட வேண்டும். கார்பன் மோனாக்சைடில் தேர்ச்சி பெற்றதைக் காட்டி, மற்ற பாடங்களில் தேர்வே எழுதாமல் இருப்பதுதான் தவறு.

கேட்க வேண்டியவை

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை நெடுஞ்சாலைகளைப் பட்டியலிடுகிறது. நகரச் சந்திப்பைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. எனவே, பெரும்பாலும் இந்தக் கணக்கு, திட்ட அறிக்கையின் ஓர் இணைப்பாக எவரும் படிக்காமல் கிடக்கிறது. சட்டத் திருத்தத்துக்குக் காத்திராமலே ஒரு மாநகராட்சியோ, நெடுஞ்சாலைத் துறையோ செய்யக்கூடியவை உண்டு. மதிப்பீட்டைத் தமிழில், எண்களோடு, ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே வெளியிடலாம். எந்தெந்த இடத்தில், எந்த உயரத்தில் புள்ளிகள் வைக்கப்பட்டன என்பதை வரைபடத்தில் காட்டலாம். அடுத்தடுத்த இரண்டு சந்திப்புகளையும் சேர்த்துக் கணக்கிடலாம். பாலம் திறந்து ஓராண்டு கழித்து அதே இடங்களில் மீண்டும் அளந்து, கணிப்பு பலித்ததா என்று சொல்லலாம். கோடிகளில் நடக்கும் பணியில் இதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் ஒரு சந்திப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டால், பயண நேரம் எத்தனை நிமிடம் குறையும் என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். எட்டுமணிச் சராசரி எவ்வளவு, பாலம் இல்லாவிட்டால் எவ்வளவு, புள்ளி எங்கே என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். வார்டு உறுப்பினரிடமும் கேட்கலாம்.

சென்ற மாதம் அந்த நகரத்துக்குப் போயிருந்தேன். மேம்பாலம் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கருங்கல் இருந்த இடத்தில் தூண் நிற்கிறது. அந்த அம்மா இல்லை. தூணின் மறுபக்கத்தில், தரையில் சாக்கை விரித்து அவருடைய மகள் பூ விற்கிறார். முழம் மல்லிகை வாங்கினேன். பக்கத்தில் சிவப்பு விளக்குக்காகப் பதினைந்து இருபது வண்டிகள் உறுமிக்கொண்டிருந்தன. "எனக்குமா சேத்து?" என்று அவருடைய தாய் கேட்ட கேள்விக்கு நான் அன்று தலையசைத்தேன். அடுத்த அறிக்கையைத் தயாரிக்கும் இளம் பொறியாளர், தலையசைப்பதோடு நில்லாமல், வரைபடத்தில் அந்தச் சாக்கு விரிந்திருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும்.